அத்தி மரத்தில் தொங்கிய தண்ணீர்

கணவாய்க்கு ஏறும் வழியில் கல்லைத் தவிர வேறொன்றும் கிடையாது. சிவந்த கல், உதிர்ந்த கல், நம்பிக் காலை வைத்ததும் இடம் மாறும் கல். சபீஹா குனிந்த தலை நிமிராமல் ஏறிக்கொண்டிருந்தாள். முதுகில் மாவும் சீனியும் தேயிலையும் கட்டிய மூட்டை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு இறங்கி வந்துவிடுவதாகச் சொல்லி மலைத் தோட்டத்துக்குப் போன ஃபராஜ் வரவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை போல என்று நினைத்திருந்தாள். போகிற அன்று சண்டை. கிணறு வற்றிக்கொண்டே வருகிற தோட்டத்தைக் கட்டி அழுவதைவிடக் கடலோரம் போய்ப் பிழைக்கலாம் என்று இவள் சொன்னாள். அவன் தண்ணீர்ப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டான்.

இப்போது அவன் தம்பி சுவைலிம் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வந்தான்.

"மதினி, கொஞ்சம் மெதுவாப் போங்க. உங்களுது ஆடு மேய்ச்ச காலு. என்னுது ஒட்டகத்துல தொங்கின காலு."

"வெளிநாட்டுக்காரங்களக் கூட்டிக்கிட்டு இதே வழியிலதான போற?"

"அவங்க பத்தடிக்கு ஒருக்கா நின்னு படம் எடுப்பாங்க. அதுல நான் மூச்சு வாங்கிக்குவேன். நீங்க எங்க நிக்கிறீங்க? புருஷனத் திட்டப் போற வேகம்."

"திட்டத்தான் போறேன். வந்து கேளு."

"கேக்கத்தான வர்றேன். சும்மாவா இந்த வெயில்ல ஏறுறேன்?"

கணவாயில் பாறைப் பிளவுக்குள் வேர்விட்ட காட்டு அத்தி ஒன்று நிற்கிறது. அதன் தாழ்ந்த கிளையில் ஃபராஜின் ஆட்டுத்தோல் தண்ணீர்ப்பை இன்னும் தொங்கியது. சபீஹாவுக்கு மனசு லேசாயிற்று. தோட்டத்தில் கிணறு இருக்கிறது. இறங்கும்போது குடிப்பதற்கென்று இங்கே மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

சுவைலிம் நிழலில் உட்கார்ந்து, கொண்டுவந்த கேனில் மிச்சமிருந்ததை அவளுக்குப் பாதி கொடுத்துத் தானும் குடித்து முடித்தான்.

"முந்தாநாள் இங்கதான் ஒரு கூத்து, மதினி. கூட வந்த பொம்பள ஒருத்தி, தாகம்னு அண்ணன் பையில கைய வச்சிட்டா. போட்டேன் பாருங்க ஒரு சத்தம்! எங்க மலையில மரத்துல தொங்குறத எவனும் தொடமாட்டான், வருஷம் ஆனாலும் சொந்தக்காரன் வந்துதான் அவுப்பான்னேன். பாவம், முகமே செத்துப்போச்சு. அப்புறம் அத்தனை பேரும் கைதட்டினாங்க."

"உனக்கு அதுல பெருமை."

"பின்ன? நம்மகிட்ட வேற என்ன இருக்கு?"

அவள் சிரித்தாள். அதற்கும் முந்தின நாள் ஆடுகளோடு இந்தப் பக்கம் வந்தபோது அவளும் இந்தப் பையைப் பார்த்திருந்தாள். மேலே போய் எட்டிப் பார்த்திருக்கலாம். அவனே முதலில் இறங்கி வரட்டும் என்று ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

தோட்டத்துக் கதவு கிளைகளால் பின்னியது. அது வெளிப்பக்கமிருந்து கட்டப்பட்டிருந்தது. கயிற்று முடிச்சின் மேல் சிலந்தி வலை.

அவள் வலையைக் கையால் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். அடுப்புக் கல்லுக்கு நடுவே போன மாதத்துச் சாம்பல். பாதாம் இலைகள் சுருண்டிருந்தன. கிணற்றில் வாளியை விட்டு இழுத்தாள். ஈர மணல்தான் வந்தது. அவன் இங்கே வரவே இல்லை.

இருவரும் கணவாய்க்குத் திரும்பினார்கள். பாறையில் கால்தடம் தேட வழியில்லை. அத்தி மரத்துக்குச் சற்றுத் தள்ளி, செங்குத்தான ஓடைப் பள்ளத்தின் வாயில், ஒரு பாறையில் சாத்தி வைத்த ஃபராஜின் கைத்தடியைச் சுவைலிம்தான் பார்த்தான்.

"கீழ ஒரு பாறைக்குழி இருக்கு, மதினி. குளிர்கால மழத்தண்ணி தங்கும். கிணறு காஞ்சா அதுலருந்து சுமந்து ஊத்தலாம்னு பாக்கப் போயிருப்பாரு. இறங்குறதுக்கு ரெண்டு கையும் வேணும். அதான் பைய மாட்டிட்டு…"

முடிக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான்.

அவள் தடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கற்கள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. காற்று மேலிருந்து பள்ளத்துக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நிழல் மரத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது.

சுவைலிம் ஏறி வந்தபோது கைகள் இரண்டிலும் ரத்தம். அவளைப் பார்க்காமல் உட்கார்ந்தான்.

"இருக்காரா?"

"இருக்காரு."

"உசிரோடயா?"

அவன் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தான். அவள் அழவில்லை. அவன் இன்னும் ஏதோ வைத்திருக்கிறான் என்று தெரிந்தது. காத்திருந்தாள்.

"காலு ஒடிஞ்சிருக்கு. நகர முடியாமக் கிடந்திருக்காரு." ரத்தக் கையை மண்ணில் துடைத்துக்கொண்டு, "கல்லு அடுக்கி வச்சிருக்காரு, மதினி."

இந்த மலையில் கல்மேல் கல் இருந்தால் இங்கே ஒரு ஆள், இங்கே ஒரு வழி என்று பொருள்.

"எவ்வளவு?"

"படுத்த இடத்துலருந்து கை எட்டுற கல்லு ஒண்ணு விடல. அத்தனையும் எடுத்து அடுக்கியிருக்காரு. அவரச் சுத்தி வெறும் மண்ணுதான் கிடக்கு."

ஒரு பொழுதில் முடிகிற வேலை இல்லை அது. ஒடிந்த காலோடு என்றால் இன்னும் நாளாகும். அந்த நாட்களில் இந்தக் கணவாயை யார் யார் கடந்தார்கள் என்று இருவருக்கும் தெரியும். அவன் கத்தியிருப்பான். காற்று சத்தத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு கீழே, ஆளில்லாத சமவெளிக்குக் கொண்டுபோயிருக்கும். மேலே கிளையில் பை தொங்கியது. அதைப் பார்த்த ஒவ்வொருவரும், சொந்தக்காரன் பத்திரமாக இருக்கிறான் என்று மரியாதையோடு ஒதுங்கிப் போயிருக்கிறார்கள்.

"மதினி, முந்தாநாள் நான்…"

"சொல்லாத."

"இல்ல, அந்தப் பொம்பளய நான் குடிக்க விட்டிருந்தா, யாரு தண்ணி, ஆளு எங்கன்னு ஒரு பேச்சாவது…"

"சொல்லாதன்னேன்ல."

அவன் எழுந்தான். ஆட்களையும் கயிறையும் கொண்டுவர வேண்டும். வெயில் சாய்ந்தாலும் பாறை இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"நீங்களும் வாங்க."

"அவர விட்டுட்டா?"

"இங்க இருந்தா உங்களுக்குத் தொண்டை காஞ்சு போயிரும். கேன்ல ஒரு சொட்டு இல்ல." கிளைப் பக்கம் கையை நீட்டினான். கயிறு வரை போன கை நின்றது. உடனே பின்னால் இழுத்துக்கொண்டான். "என்னால முடியல, மதினி. நீங்களே அவுத்துக் குடிச்சிருங்க. குடிக்கணும், என்ன?"

அவன் இறங்கிப்போன பிறகும் வெகுநேரம் கற்கள் உருண்டுகொண்டிருந்தன.

சபீஹா மரத்தடிக்கு வந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. கைபட்டதும் பை மெல்ல ஆடியது. உள்ளே தண்ணீர் பக்கம் மாறிற்று. அவன் போடும் முடிச்சு. ஒட்டகக் கயிற்றையும் கூடாரத்தையும் பிள்ளைத் தொட்டிலையும் இப்படித்தான் கட்டுவான். எப்போதும் தேவைக்கு மேல் ஒரு சுற்று. அவிழ்க்கும்போதெல்லாம் அவள் திட்டியிருக்கிறாள். முடிச்சு இருக்கும் வரை இந்தப் பைக்குச் சொந்தக்காரன் வருவான். மலை முழுவதும் அதை ஒத்துக்கொள்ளும்.

விரலால் முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு விட்டது.

பையைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு பள்ளத்தின் வாய்க்குப் போனாள். வாயைத் திறந்து சரித்தாள். ஆட்டு வாடையோடு தண்ணீர் பாறையில் விழுந்து, கறுத்த கோடாக இறங்கியது. ஆள் உயரம் போவதற்குள் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்கள் வெளுத்து, கோடு மேல்நோக்கிச் சுருங்கி வந்தது.

மிச்சத்தையும் ஊற்றினாள். அதுவும் எட்டவில்லை.

காலிப் பையை மடியில் போட்டுக்கொண்டு, கீழே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்டாள். காற்று அவளைத் தாண்டி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.