கலப்பையில் பூட்டிய கைதி

உறைந்த ஏரியின் மேல் நடந்த போரில் சிலுவை வீரர்கள் ஜெயித்தார்கள். ருஷ்ய நகரமான நோவ்கோரோட்டின் இளவரசன் குதிரையோடு பனிக்கட்டிக்கு அடியில் போனான். வீரர்களுக்குப் பின்னால் ஈட்டி தூக்கிக்கொண்டு நடந்த எஸ்தோனியக் குடியானவர்களில் லெம்பேயின் புருஷனும் ஒருவன். அவன் திரும்பவில்லை. அவனுக்கு ஈடாக அவளுக்கு ஒரு கைதியைக் கொடுத்தார்கள். பெயர் யாகுன், நோவ்கோரோட்டில் தோல் பதனிட்டவன். அவளுடைய எருதைப் படை முன்பே ஓட்டிக்கொண்டு போய்விட்டதால், அவனையே கலப்பையில் பூட்டினாள்.

அவன் பாஷை அவளுக்குத் தெரியும். அவள் சிறுமியாக இருந்தபோது அவன் ஊர்ப் படைதான் வீட்டைக் கொளுத்தி அவளைப் பிடித்துப் போனது. தப்பி வரும்வரை அங்கே ஒரு வணிகன் வீட்டில் மாவரைத்தாள். இதை யாகுனிடம் அவள் சொல்லவில்லை. தோள் புண்ணாகி அவன் நின்றால், எருது ஓட்டும் தார்க்கோலால் அந்தப் புண்ணிலேயே குத்தினாள்.

சாயங்காலம் கறுப்பு ரொட்டியும் உப்பு மீனும் போடுவாள். தின்றுகொண்டே அவன் வம்புக்கிழுப்பான்.

"உன் எருது என்னைவிட வேகமா போகுமாம்மா?"

ஒருமுறை சிரித்துவிட்டாள். அதற்காகவே மறுநாள் கூடுதலாகக் குத்தினாள்.

உழவு முடிவதற்குள் நோவ்கோரோட்டும் விழுந்தது. கிழக்கே இன்னும் பல ஊர்கள் பாக்கி. படைக்கு வழி தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். பாதிரியார் வோல்க்மார் வீரர்களோடு வயலுக்கே வந்தார். எஸ்தோனியம் பேசுவார், யாகுனின் பாஷை தெரியாது. கைதி போப்பாண்டவரின் சபையில் சேர்ந்தால் விடுதலை, குதிரை, வாள். மறுத்தால் தூக்குக் கயிறு. இதை அவனிடம் சொல்லச் சொன்னார். லெம்பே சொன்னாள்.

"சரின்னு சொல்லிடும்மா," என்றான் யாகுன். "எந்த சிலுவைக்கு மண்டி போட்டா என்ன, முதுகு நிமிந்தா போதும்." பிறகு கண்ணைச் சிமிட்டினான். "குதிரையில வருவேன் பாரு. அப்ப நீ கலப்பையில நில்லு, நான் கோலைப் பிடிக்கிறேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னானோ என்னவோ. கையில் வாள் வந்தபின் அது விளையாட்டாக இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

"என்ன சொல்றான்?" என்றார் பாதிரியார்.

"மாட்டேங்கறான் சாமி. உங்க போப்பாண்டவர் மூஞ்சியில துப்புவேங்கறான்."

கயிற்றைக் கண்டதும்தான் யாகுனுக்கு விளங்கியது. தன் சம்மதத்தைக் காட்ட அவசர அவசரமாகச் சிலுவை போட்டான். கை பழகியபடி வலது தோளிலிருந்து இடது தோளுக்குப் போனது, போப்பாண்டவரை ஏற்காத கிழக்குச் சபைக்காரர்கள் போடுகிற மாதிரி. திரும்பத் திரும்பப் போட்டான். சாகும்போதும் திமிரைப் பார் என்று பாதிரியார் முகம் சுளித்தார்.

"ஏம்மா?" என்று அவளைக் கேட்டான்.

லெம்பே குனிந்து கொழுவில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

வரப்போரத்து மரத்தில் தூக்கினார்கள். வேலை செய்தே வற்றிப்போன உடம்பு; கனமில்லாததால் உயிர் போக நேரமாயிற்று. அதற்குள்ளாகவே அவள் பாதிரியாரிடம் ஈடாக ஓர் எருது கேட்டாள்.

"எருது எதுக்கு? இவங்க பேச்சு தெரிஞ்ச ஆளு எனக்கு வேணும். வண்டியில ஏறு."

விதைக்க ஆளில்லையே என்று கெஞ்சினாள். நிலத்தைப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு எழுதிவைக்கச் சொல்லிவிட்டு அவர் குதிரையைத் திருப்பினார். வீரர்கள் அவளைத் தூக்கி வண்டியில் போட்டார்கள்.

அடுத்த ஊரில் மூன்று கைதிகள் சம்மதித்தார்கள். சொன்னதைச் சொன்னபடியே அவள் பாதிரியாரிடம் சொன்னாள். அதற்கடுத்த ஊரில் சம்மதம் சொன்ன ஒருவன் பார்த்த பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை.