செந்தூல் கிளப்பின் திடலும் நல்லம்மாளின் மாடுகளும்

பிரிக்பீல்ட்ஸ் ரயில் குவார்ட்டர்ஸில் குடியிருந்த நாகையாவுக்கு யார்டில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. தண்டவாளத்தை மாற்றிவிட்டு, வண்டிகளைப் போக வேண்டிய பக்கம் அனுப்ப வேண்டும். அந்த வேலை போக மிச்சமிருந்த நேரமெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் ரோவர்ஸ் என்ற பந்துக் கிளப்புக்குத்தான். அவர் ஒருநாளும் பந்து உதைத்தவரில்லை. ஆனால் ரோவர்ஸ் எங்கே ஆடினாலும் போவார். கிள்ளானில் ஆட்டம் என்றால் காலை வண்டியிலேயே போய்விடுவார். தோற்றால் இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசமாட்டார். பரம எதிரியான செந்தூல் கிளப்பிடம் தோற்றால் ஒரு வாரம்.

1929ஆம் வருஷம் மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பக்கிரிசாமியின் கோப்பிக் கடையில் அவர் உட்கார்ந்திருந்தபோது கிரிகரி ஆங்கிலப் பத்திரிகையோடு வந்தான். கிரிகரி ரயில்வே ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி. ஆபீசில் எல்லோரும் படித்து முடித்த பிறகு, ஒரு நாள் கழித்துத்தான் பத்திரிகை அவன் கைக்கு வரும்.

"செந்தூல் கிளப்புக்குப் புதுத் திடல் வருதாம்" என்றான்.

"வரட்டுமே. அவங்க பழைய திடல்லதான் வீடு கட்டப் போறாங்களே" என்றார் நாகையா.

"செந்தூல்ல இல்லண்ணே. இங்க. நம்ம குவார்ட்டர்ஸுக்குப் பின்னால இருக்கே புல்வெளி, அங்க. வேலி போட்டு, வடிகால் வெட்டி, கூரை வச்ச கேலரி கட்டித் தர்றாங்க. எல்லாம் ஊர் நிர்வாகம் பார்க்கற சானிட்டரி போர்டு செலவு. கட்டி முடிச்சதும் செந்தூல் கிளப்புக்குக் குத்தகைக்கு விடுவாங்களாம்."

நாகையா கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"பொதுப் பணத்துல அவனுங்களுக்குத் திடலா? அதுவும் நம்ம வாசல்லயா? நாம கட்டற வரி எதுக்கு இருக்கு?"

"நாம எங்கண்ணே வரி கட்டறோம்? குவார்ட்டர்ஸுக்கு ரயில்வேதான் கட்டுது."

"நான் கட்டறேன்" என்றார் பக்கிரிசாமி, அடுப்புப் பக்கமிருந்து. "கடை என் பேர்ல இருக்கு. எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல. ஆட்டம் பார்க்க ஆயிரம் பேர் வந்தா அதுல நூறு பேராவது கோப்பி குடிப்பான்."

"செந்தூல்காரனுக்குக் கோப்பி ஊத்துவீங்களா?"

"அவன் வாயும் வாய்தானே, நாகையா."

ரோவர்ஸின் கேப்டன் ரபேலும் அங்கேதான் இருந்தான். தச்சு வேலை செய்கிறவன், பேச்சு குறைவு. நாகையா அவன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு ரபேல். இது நியாயமா?"

ரபேல் கொஞ்சம் யோசித்தான். "நல்ல திடல்னா ஆட நல்லாத்தான் இருக்கும். நம்ம ஆத்தங்கரைத் திடல்ல மழை பேஞ்சா பந்து நகரவே மாட்டேங்குது."

"நீ ஆடறவன். உனக்கு ரோஷம் வராது" என்றார் நாகையா. "பார்க்கறவனுக்குத்தான் தெரியும் வேதனை."

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு ஒரு வாரம் ஓடியது. கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரு கருத்துச் சொன்னார்கள். பொதுப் பணத்தில் கட்டினால் எல்லாக் கிளப்புக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்றார்கள் சிலர். யாரும் கேட்காததால்தான் நமக்குக் கிடைக்கவில்லை, செந்தூல்காரன் கேட்டான், வாங்கினான் என்றார்கள் வேறு சிலர். கடைசியில் போர்டுக்கு ஒரு பெட்டிஷன் போடுவது என்று முடிவாயிற்று. ஆனால் அதில் என்ன எழுதுவது என்ற இடத்தில் கிரிகரியின் பேனா நின்றுவிட்டது.

"செந்தூல் கிளப்பை எங்களுக்குப் பிடிக்காதுன்னு எழுத முடியாதுண்ணே. ஏதாவது காரணம் வேணும். அந்த நிலத்தால பிழைக்கறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க."

நாகையாவுக்கு அப்போதுதான் நல்லம்மாளின் ஞாபகம் வந்தது.

நல்லம்மாள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வரிசைக் கொட்டகையில் நான்கு மாடு வைத்துப் பால் ஊற்றி வந்தவள். புருஷன் ரயில் பாதை போடும் கூட்டத்தில் வேலை பார்த்துக் காய்ச்சலில் இறந்துபோன பிறகு, மாடுகளை வைத்தே இரண்டு பெண்களை வளர்த்துக் கட்டிக் கொடுத்தாள். நாகையாவின் வீட்டுக்கும் அவள்தான் பால். காலையில் கறந்து ஊற்றிவிட்டு மாடுகளை ஓட்டிப்போய் அந்தப் புல்வெளியில்தான் விடுவாள். அவளைப் போல இன்னும் மூன்று பேரின் மாடுகளும் அங்கேதான் மேய்ந்தன.

நாகையாவும் கிரிகரியும் போய் விஷயத்தைச் சொன்னபோது அவள் சாணி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த எடத்த எடுக்கப் போறாங்களா? எனக்கு யாரும் சொல்லலையே" என்றாள்.

"அதனாலதான் நாங்க வந்தோம் அக்கா. நீங்க கைநாட்டு வச்சா உங்க பேர முதல்ல போடுவோம். நாங்க எல்லாரும் பின்னால கையெழுத்துப் போடறோம்."

"உங்களுக்கு என்ன தம்பி அதுல? மாடு என்னோடது."

நாகையா கிரிகரியைப் பார்த்தார். "பால் குடிக்கிறது எங்க பிள்ளைங்கதானே" என்றார்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கிரிகரி எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினான். 'தலைமுறை தலைமுறையாக இந்த நிலத்தில் மாடு மேய்த்து வரும் நாங்கள்' என்று அது ஆரம்பித்தது.

"நான் வந்தே ஒம்பது வருஷம்தான் ஆச்சு" என்றாள் நல்லம்மாள். "பொய் எழுதினா நான் கை வைக்க மாட்டேன்."

கிரிகரி அதை அடித்துவிட்டு 'ஒன்பது ஆண்டுகளாக' என்று எழுதினான். அவள் கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தினாள். அதற்குக் கீழே மற்ற மூன்று மாட்டுக்காரர்களும், பிறகு ரோவர்ஸ் ஆட்கள் அறுபத்தோரு பேரும் போட்டார்கள். ரபேலும் போட்டான். பக்கிரிசாமி மட்டும் போடவில்லை.

மூன்று வாரம் கழித்துப் போர்டிலிருந்து ஒரு துரை வந்தார். கூடவே நில வரைபடத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒரு தமிழ்க் கிராணி. நாகையா ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடேயே ஓடி வந்தார். கிரிகரி எழுதிக் கொடுத்திருந்ததை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பால் இல்லாவிட்டால் குழந்தைகளின் உடம்பு என்ன ஆகும், டின் பால் எப்படி ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் சொன்னார். துரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, பெட்டிஷனில் முதல் பெயர் யாருடையது என்று கேட்டார். நல்லம்மாள் மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி முன்னால் வந்தாள்.

கிராணி கேட்டார்: "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்னு துரை கேக்கறார்."

"புல்லும் தண்ணியும் வேணும். வீட்டுக்குக் கிட்ட இருக்கணும்."

"இந்த எடம்தான் வேணுமா?"

நாகையா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"இந்த எடம்தான்னு இல்லைங்க. இங்க வெயில் காலத்துல புல்லு காஞ்சிடும். தண்ணிக்கு ஆத்துக்குத்தான் ஓட்டிட்டுப் போறேன். வேற நல்ல எடம் குடுத்தா போயிடறேன்."

கிராணி அதை ஆங்கிலத்தில் சொன்னார். துரை நோட்டில் எழுதிக்கொண்டார். அவர்கள் போன பிறகு நாகையா நல்லம்மாளிடம் வந்தார்.

"என்ன அக்கா இப்படிச் சொல்லிட்டீங்க?"

"கேட்டாங்க, சொன்னேன். எனக்கு என்ன வேணும்னுதானே கேட்டாங்க?"



போர்டின் கடிதம் மே மாதக் கடைசியில் வந்தது. கிரிகரி அதைக் கடையில் வைத்துப் படித்தான். மனுதாரர்களின் கஷ்டம் உண்மையானது என்று போர்டு ஒப்புக்கொள்கிறது. எனவே மாட்டுக்காரர்கள் நான்கு பேருக்கும் வேறு மேய்ச்சல் நிலம் ஒதுக்குகிறது. புல்வெளியில் திடல் வேலை அடுத்த மாதம் ஆரம்பமாகும். இதுவரை அவன் குரல் ஒரே சீராக இருந்தது. அடுத்த வரிக்கு வந்ததும் கிரிகரி நிறுத்தினான்.

"படி" என்றார் நாகையா.

"ஒதுக்கின நிலம், குவார்ட்டர்ஸுக்குத் தெற்கே ஆத்தங்கரை மைதானம்."

 அது ரோவர்ஸ் பந்து பழகும் இடம். மூன்று வருஷத்துக்கு முன் பெருவெள்ளம் வடிந்த பிறகு, இவர்களே வண்டலை வாரிக் கொட்டிக் கோல் கம்பு நட்ட இடம். யாரிடமும் அனுமதி வாங்கியதில்லை. போர்டின் கணக்கில் அது சும்மா கிடந்த நிலம்.

"இன்னொரு தடவை படி" என்றார் நாகையா.

கிரிகரி படித்தான். அதே இடம்தான்.

பக்கிரிசாமிக்குச் சிரிப்பு வந்தது. நாகையாவின் முகத்தைப் பார்த்ததும் துணியை எடுத்துக்கொண்டு பலகையைத் துடைக்கப் போய்விட்டார். ரபேல் மட்டும் எழுந்து, "அப்ப நாங்க எங்க பழகறது?" என்று கேட்டான். அதைக் கோபமாகக் கேட்டிருந்தால் நாகையாவுக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். நாகையா கிளப்பை விற்றுவிட்டார் என்றான் ஒருவன். மாட்டுக்காரியின் வேலை இது என்றான் இன்னொருவன். நாகையா இரண்டாவது பேச்சைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போய், இனி நல்லம்மாளிடம் பால் வாங்கக் கூடாது என்று மனைவி தனலெட்சுமியிடம் சொன்னார்.

"ஏன்?"

"திடல மாட்டுக்குக் குடுத்துட்டாங்க."

"குடுத்தது போர்டு. கேட்டது நீங்க. பெட்டிஷன் எழுதின அன்னைக்கு இங்க உட்கார்ந்துதானே எனக்குச் சொல்லிக் காட்டுனீங்க?" தனலெட்சுமி அடுப்பை ஊதினாள். "சின்னவளுக்குப் பால் வேணும். நான் வாங்கத்தான் போறேன்."

அவள் வாங்கினாள். நாகையா இரண்டு வாரம் கோப்பியை வெறும் கோப்பியாகக் குடித்தார். கடைக்கும் போகவில்லை. யார்டில் கூட வேலை செய்தவர்கள் ரோவர்ஸ் பற்றிப் பேச்சை எடுத்தால் கொடியைச் சுருட்டிக்கொண்டு அடுத்த பாயிண்டுக்கு நடந்துவிடுவார். எந்த ஆட்டத்தில் தோற்றபோதும் இத்தனை நாள் அவர் இப்படி இருந்ததில்லை.

ஜூன் நடுவில் ஒரு நாள் ஐந்து மணிக்கு அவராகவே ஆத்தங்கரைக்குப் போனார். அங்கே ரபேலும் ஏழெட்டுப் பேரும் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். மாடுகளைக் காணோம். நல்லம்மாள் கோல் கம்புக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்று, ஒரு குழியில் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன அக்கா பண்றீங்க?"

"பந்து ஆடறவங்க கால வச்சு வச்சு நோண்டிப் போட்ட குழி. மாட்டுக்குக் கால் சிக்கினா ஒடிஞ்சிடும். ஆள்களுக்கும்தான்."

"மாடெல்லாம்?"

"நாலு மணிக்குக் கறக்க ஓட்டிட்டுப் போயிடுவேன். அதுக்கப்புறம் இங்க யாருக்கு வேலை? ரபேல் தம்பி வந்து கேட்டுச்சு. ஆடிக்கோ, சாணிய மட்டும் நீங்களே அள்ளி ஓரமாப் போட்டுக்கோங்கன்னேன். நேத்து போலீஸ்காரன் ஒருத்தன் வந்து, யார் உங்கள விட்டதுன்னு இவங்கள வெரட்டினான். போர்டு எனக்குக் குடுத்த பர்மிட்ட காட்டினேன். போயிட்டான்."

நாகையா அங்கேயே நின்றார். மூன்று வருஷமாகப் போலீஸ்காரன் தலை தெரிந்தால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், இப்போது ஓடாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"ரபேல் கேட்டானா?" என்றார். "எங்கிட்ட அவன் சொல்லலையே."

"நீங்கதான் யாரோடயும் பேசறதில்லையாமே."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு மண்வெட்டியை வாங்கினார். குழியை நிரப்பி மிதித்தார். அடுத்த குழிக்கு நகர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே, "உங்க பேர வச்சு எங்க சண்டையப் போட்டோம் அக்கா. அது சரியில்ல" என்றார்.

"அதனாலதானே எனக்கு எடம் கெடச்சுது" என்றாள் நல்லம்மாள். "அந்த மூலைலயும் ஒண்ணு இருக்கு, பாருங்க."

செந்தூல் கிளப்பின் திடல் அக்டோபரில் திறக்கப்பட்டது. முதல் ஆட்டத்துக்கு அவர்கள் ரோவர்ஸைத்தான் அழைத்தார்கள். போகக் கூடாது என்று ரோவர்ஸ் ஆதரவாளர்களில் பாதிப் பேர் சொன்னார்கள். நாகையா என்ன சொல்லப் போகிறார் என்று எல்லோரும் கடையில் காத்திருந்தார்கள்.

"ஆடறவன் ரபேல். அவன்கிட்ட கேளுங்க" என்றார் அவர்.

ரபேல் ஆடுவதாகச் சொன்னான். அன்று பக்கிரிசாமி இரண்டு பெரிய கெத்தலில் கோப்பி போட்டு எடுத்து வந்து வேலியோரம் வைத்தார். பாதி ஆட்டத்திலேயே தீர்ந்துவிட்டது. நாகையா கிரிகரியோடு கேலரியில் உட்கார்ந்தார். மழை தூறியபோது கூரை நனையவிடவில்லை. தண்ணீர் வடிகாலில் இறங்கி ஓடியது. பந்து எங்கும் நிற்கவில்லை. ரோவர்ஸ் முதல் கோலைப் போட்டது. பிறகு செந்தூல் இரண்டு போட்டது. கடைசிப் பத்து நிமிஷம் ரபேலின் ஆட்கள் பந்தைச் செந்தூல் பக்கமே வைத்திருந்தும் கோல் விழவில்லை.

வெளியே வரும்போது கிரிகரி, "பொதுப் பணத்துல கட்டினதுதானே, புதன்கிழமை நமக்கும் விடச் சொல்லிப் போர்டுக்கு எழுதலாமா?" என்று கேட்டான்.

"எழுதலாம்" என்றார் நாகையா. "செந்தூல்காரங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குவோம். அவங்க செயலாளர் கேலரிப் பக்கம்தான் நிக்கறார்."

சொன்னாரே தவிர, உடனே போகவில்லை. அந்த ஆளுக்கு வணக்கம் சொல்ல அவருக்கு இன்னும் மனம் வரவில்லை. வேலியோரம் நின்று ஒரு சுருட்டைப் பற்றவைத்து, பாதி பிடித்துவிட்டுப் போட்டார். பிறகு கிரிகரியையும் கூட்டிக்கொண்டு கேலரிப் பக்கம் திரும்பி நடந்தார்.