ஜாடிக்கு மேலுரம்

மனித நாகரிகமே தழைச்சத்து என்கிற நைட்ரஜன் மேல்தான் நிற்கிறது என்பது விவசாய ஆபீசர் குருநாதனின் முடிந்த முடிவு. பதினோரு வருஷமாகத் திருமானூர்ப் பக்கத்துக் களத்துமேடுகளில் இதை மைக் வைத்தும் வைக்காமலும் சொல்லி வந்தார். அதே தழைச்சத்து தம் வீட்டு ஊறுகாய் ஜாடிக்கும் தேவைப்படும் என்று மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை.

ஜாடியில் ஊறியது திராட்சை ஒயின். வெளியே மதுவிலக்கு அமலில் இருந்தது. அந்த வட்டாரத்தில் அதன் பிரச்சாரக் குழுவுக்குச் செயலாளரே குருநாதன்தான். திருச்சியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து, மனைவி அம்சவள்ளியிடம் இருதயத்துக்கு அரிஷ்டம் என்று சொல்லி, ஆறு கிலோ பன்னீர் திராட்சையைப் பிசைந்து ஈஸ்ட் கலந்து வைத்திருந்தார். நாலாம் நாள் குமிழி நின்றுவிட்டது.

"ஏங்க, உங்க அரிஷ்டம் மூச்சை விட்டுருச்சு போலருக்கே," என்றாள் அம்சவள்ளி.

புத்தகத்தைப் புரட்டினார். ஈஸ்ட்டுக்கு வெறும் சர்க்கரை போதாது, தழைச்சத்தும் வேண்டும். தின்னத் தகுந்த, சுத்தமான டை அம்மோனியம் பாஸ்பேட் ஒரு சிட்டிகை போடு என்றிருந்தது. டி.ஏ.பி.யா! குருநாதனுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து ஆபீஸ் குடோனில் அந்த உரம் முப்பது மூட்டை அடுக்கிக் கிடந்தது. 'தின்னத் தகுந்த' என்ற இடத்தைக் கண் தாண்டிப் போய்விட்டது.

சிட்டிகை என்ற அளவு அவர் அனுபவத்துக்கே அவமானமாகப் பட்டது. அடியுரம் என்று ஒரு ஸ்பூன் போட்டார். மறுநாளே ஜாடி நுரைத்துக் குதித்தது. பயிர் தூர் கட்டி நிற்கிறபோது மேலுரம் போடாதவன் என்ன விவசாய ஆபீசர்? மதுவிலக்குக் கூட்டம் நடக்கவிருந்த அன்று சாயங்காலம், பொடித்த டி.ஏ.பி.யை ஒரு கை அள்ளி, நுரைத்துக்கொண்டிருந்த ஜாடிக்குள் அப்படியே தூவினார்.

ஜாடி சீறியது. நுரையும் தோலும் கொட்டையும் கூரை ஓடு வரைக்கும் எழும்பி, குருநாதனின் தலையில் வந்து இறங்கின. துண்டால் துடைத்து, சட்டை மாற்றி, அடுத்த வாசலான ஆபீஸ் முற்றத்துக்கு ஓடினார். கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்த பி.டி.ஓ. சிவசுப்பிரமணியன் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

புளித்த வாடையும் கூடவே வந்தது. முன்வரிசை மூக்குகள் தேடித் திரும்பி, மைக் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் உத்திராபதி மேல் போய் நின்றன. இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே முற்றத்தில், குருநாதன் ஏந்திய தட்டில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டவன் உத்திராபதி. எட்டு வருஷத் தற்காலிக வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் பி.டி.ஓ. கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"என்னடா உத்திராபதி, மறுபடி ஆரம்பிச்சுட்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

"அய்யய்யோ, இல்லீங்க! ஆபீசர் அய்யாவையே கேளுங்க, அவருக்குத் தெரியும்!"

ஆபீசர் அய்யாவுக்குத் தெரியும்தான். மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, "அன்பார்ந்த பெருமக்களே" என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசினார்.

மறுநாளிலிருந்து ஆபீசுக்கு யார் வந்தாலும் உத்திராபதி எதிரே போய், "ஊதிக் காட்டவாங்க?" என்று வாயைத் திறந்து நின்றான். குருநாதனிடமும் ஊதிக் காட்டினான். வெற்றிலை வாசம்தான் வந்தது. அன்றைக்கு ராத்திரி அவர் மிச்ச ஒயினைச் சாக்கடையில் கொட்டினார்; மனசில் கிடந்ததைக் கொட்ட இடமில்லை.

நாலாம் நாள் பி.டி.ஓ.வைப் பார்க்கப் பஸ் ஏறினார். ஏறும்போது முழு உண்மையையும் சொல்லிவிடுவதாக இருந்தது. இறங்கும்போது அது பாதியாகியிருந்தது. அறை வாசலில் வேறொன்றாகவே மாறிவிட்டது.

"சார், உத்திராபதி ஏழை. ஏதோ ஒரு நாள் சபலம். எனக்காக மன்னிச்சு விட்டுருங்க."

பி.டி.ஓ. பேனாவை மூடி வைத்தார். "எதுக்குய்யா அவனை மன்னிக்கணும்? மறுநாளே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். தபால் வந்து சேரும்."

"அப்ப… அந்த வாடை, சார்?"

"வாடை அடிச்சுது. யார்கிட்டேருந்துன்னு பார்த்துக்கிட்டுத்தானே உட்கார்ந்திருந்தேன்."

அன்று பேசிய ஒரு மணி நேரமும் குருநாதனின் இடது காதில் ஒரு திராட்சைத் தோல் ஒட்டியிருந்தது.