டிக்கெட் விலை பாதியாகும் மாதம்

எதையும் அறுபதால் பெருக்கிப் பார்ப்பது சம்பந்தத்தின் வழக்கமாகியிருந்தது. மகன் பிரேம் கனடாவுக்குச் சென்ற நாளிலிருந்து தொற்றிய வழக்கம் அது. ஒரு டாலர் ஏறத்தாழ அறுபது ரூபாய்.

ஞாயிறுதோறும் காலையில், அஸ்தினாபுரத்து வாடகை வீட்டிலிருந்து தொலைபேசியில் இரு நாட்டு விலைகளும் ஒப்பிடப்பட்டன.

"முடி வெட்டினியாப்பா?"

"வெட்டினேன்பா. முப்பது டாலர்."

"ஆயிரத்தெண்ணூறு ரூபாயா! இங்க நூத்திருபதுக்கு வெட்டி, கழுத்தையும் பிடிச்சுவிட்டு அனுப்புறான். ஒரு மெஷின் வாங்கி நீயே வெட்டிக்கோ."

பிரேம் அவ்வாறே செய்தான். ஒரு வீட்டின் நிலவறையை மூவரோடு பங்கிட்டுக்கொண்டு, கிடங்கொன்றில் வேலை பார்த்து வந்தான் அவன். சம்பந்தத்தின் மனைவி ஞானசௌந்தரி தொலைபேசியை இடையிலேயே பறித்துக்கொள்வாள்.

"அவன் டாலர்ல சம்பாதிச்சு டாலர்ல சாப்பிடுறான். நீங்க எதுக்குப் பெருக்குறீங்க? அவன் பசியையும் அறுபதால பெருக்குவீங்களா?"

கார்த்திகையில், அவளுடைய இதயம் மிகவும் தளர்ந்துவிட்டதென்று மருத்துவர் கூறினார். அதன்பின் படுக்கையில் கிடந்தவாறு அவள் கேட்டது ஒன்றே.

"அவனை ஒருவாட்டி வரச் சொல்லுங்க."

பிரேம் உடனே புறப்பட ஆயத்தமானான்.

"லீவு கேட்டுட்டேன்பா. டிக்கெட்தான் ரெண்டாயிரத்து முந்நூறு டாலர்."

சம்பந்தம் பெருக்கினார்.

"ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்! அம்மாவுக்குப் பதினோரு மாச மருந்துடா அது. பிப்ரவரியில பாதி விலையாம், எதிர்வீட்டு சரோஜினி பையன் பார்த்துச் சொன்னான். பொங்கல் கழிச்சு வா. அம்மா எங்க போயிடப் போறா?"

கட்டிலில் ஞானசௌந்தரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்கழி நான்காம் நாள் விடியற்காலையில் அவள் உயிர் பிரிந்தது.

உடலை வைக்கும் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்தவர் வாசலிலேயே தயங்கி நின்றார்.

"எத்தினி நாளிக்கு சார்? டெய்லி ரெண்டாயிரம்."

"பையன் வர்ற வரைக்கும்."

சம்பந்தம் பேரம் பேசவில்லை.

மறுநாள் மாலைக்குள் பிரேம் வந்துவிடுவான் என்று உறவினர் காத்திருந்தனர். அவன் வரவில்லை. மூன்றாம் நாள் நண்பகலில்தான் வாசலில் வாடகைக் கார் நின்றது. பெட்டியின் கண்ணாடிமீது நெற்றியை வைத்து அவன் நெடுநேரம் அழுதான். தானே வெட்டிக்கொண்ட முடி, பிடரியில் ஏறியும் இறங்கியும் இருந்தது. சம்பந்தம் அதன்மேல் கை வைத்தார். பிரேம் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"சீக்கிரம் வர்ற ஃபிளைட் ரெண்டு மடங்குப்பா. அதான் மூணு எடத்துல மாறி வந்தேன். ஒரு எடத்துல மட்டும் பதினாறு மணி நேரம் ஒக்காந்திருந்தேன். இருந்ததுலயே இதுதாம்பா கம்மி."

சம்பந்தம் விலையைக் கேட்டிருக்கவேயில்லை.