ஏரிப்படைத் தளபதியின் வெள்ளைப் பட்டை

கணவன் ஓரினின் முதுகுக்கு மேலே, தொடாமல், ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டிப் பார்த்தாள் லவான். அடுப்புபோல் அனல் அடித்தது. சூரியன் ஏரிக்கு அந்தப் பக்கம் இறங்கியாயிற்று. அதில் ஒரு பங்கு மட்டும் அவள் சமையலறை நாற்காலியில் முனகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஓரின் ஏரிச் சங்கத்தின் தலைவன். ‘ஏரிப்படைத் தளபதி’ என்பது அவனே தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். அன்று ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினப் படகு ஊர்வலத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு, மார்புக்குக் குறுக்கே பட்டுப் பட்டையோடு மதியம் முழுக்கப் படகின் முகப்பில் நின்றான். வெயில் களிம்பை நீட்டியவளிடம், “நாங்க கப்பலோட்டின பரம்பரை. இதெல்லாம் டவுன்காரங்களுக்கு” என்றான்.

சூரியன் பட்டைக்கு மட்டும் மரியாதை கொடுத்திருந்தது. வெந்து சிவந்த மார்பில் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு வெள்ளைக் கோடு; கீழே குஞ்சம்கூட இழை இழையாக விழுந்திருந்தது. எந்த ஓவியனுக்கு வரும் இந்தக் கை!

மறுநாள் மகள் பிரிட்டாவுக்குக் கல்யாணம். அவளைக் கைகோத்து மணமேடைவரை அழைத்துப்போக வேண்டியவன் மேல் காற்றுப் பட்டாலே அலறினான்.

“வெண்ணெய் எடு. எங்கம்மா அதான் பூசுவாங்க.”

“பூசினா சூடு உள்ளயே நின்னு இன்னும் வேகும். உப்பும் மொளகும் போட்டுடவா? தொட்டியில எறங்கு, தளபதி.”

பழைய காலுறையில் ஓட்ஸைக் கட்டிக் குளியல் தொட்டித் தண்ணீரில் பிழிந்தாள். தொட்டி பால்போல் வெளுத்தது. ஐஸ் கேட்டான்; கொடுக்கவில்லை. குடிக்கத்தான் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒற்றித் துடைத்து, ஜன்னலோரக் கற்றாழையைக் கீறி, வழுவழுப்பை அப்பினாள். ஓரின் முதன்முறையாக வாயை மூடினான்.

காலையில் எரிச்சல் தணிந்திருந்தது. ஆனால் பித்தளைப் பொத்தான் வைத்த தளபதிச் சீருடையின் கழுத்துப்பட்டி பட்டதும் துள்ளினான்.

“பரவால்லப்பா, நீ உக்காரு. கார்ல் மாமா கூட்டிட்டுப் போகட்டும்” என்றாள் பிரிட்டா, சீருடையை வாங்கி மடித்தபடி.

ஓரின் சீருடையைப் பார்த்தான். பிறகு கொடியில் தொங்கிய லவானின் பூப்போட்ட இரவுச் சட்டையைப் பார்த்தான். துவைத்துத் துவைத்து வெங்காயத் தோலாகிவிட்ட பருத்தி.

“அதைக் குடு.”

“ஊரே பாக்கும், ஓரின்.”

“குடுன்னேன்ல.”

கல்யாணம் நடந்த புல்தரையில் அந்தப் பூச்சட்டை படபடக்க அவன் வந்தான். கையைக் கோக்க முடியாமல் பிரிட்டா அவன் சுண்டுவிரலை மட்டும் பிடித்திருந்தாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மணமகளுக்காகத்தான். ஓரின் வழக்கம்போல் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, இரு பக்கமும் தலையசைத்தபடி நடந்தான்.

லவானும் எழுந்து நின்றாள். அவனுக்காக.