ஆறு நாள் சுவர்

சித்தாள் வேலைக்கு வந்து முப்பது வருஷத்தில் எத்தனையோ சுவர் ஏறினதையும் இறங்கினதையும் அவள் பார்த்தாயிற்று. ஆனால் கூடப் பிறந்த அண்ணன் கட்டின சுவரை இடிக்கப் போவது இதுதான் முதல் தடவை. வீட்டைப் புதிதாக வாங்கியவர்களுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமாம். மதில் முழுக்க எடுக்கணும், ஆனால் கல் உடையாமல் வரணும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பூச்சை உதிர்க்கும் வேலை அவளுக்கு.

அண்ணன் போய் நாலு வருஷம். என்ன வியாதி என்று கேட்டவர்களுக்கு ஈரல் என்றார்கள். கேட்காதவர்கள் குடி என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள்.

வாசல் தூணிலிருந்து தட்டிக்கொண்டு வந்தாள். பூச்சு பாளம் பாளமாக விழ, உள்ளே செங்கல் வரி தெரிந்தது. நூல் பிடித்த மாதிரி நேர். நாலைந்து முழம் தள்ளித் தள்ளி, கலவையில் பதிந்த கட்டைவிரல் தடம். அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள். பொழுது சாய்ந்து கரண்டியைக் கழுவுமுன் கடைசிக் கல்லின் ஓரத்தில் விரலை அமுக்கிவிட்டு, "இன்னைக்குப் பாடு முடிஞ்சுது சாமி" என்பான் அண்ணன். ஒரு தடம் ஒரு நாள். அந்தச் சுவரோடு நடந்தால் நாளோடு நடந்த மாதிரி.

முதல் மூன்று நாள் நேர். நாலாவது நாளில் சுவருக்கு என்னமோ ஆகிவிட்டது. ஒரு கல் முன்னால் துருத்திக்கொண்டு, இன்னொன்று உள்ளே பதுங்கிக்கொண்டு, கலவை ஓரிடத்தில் விரல் தடிமன், ஓரிடத்தில் நூல் தடிமன். அங்கிருந்து ஆறு தடத்துக்கு அப்படியே. அப்புறம் மறுபடி நேர்.

அந்த ஆறு நாளை அவள் எப்படி மறப்பாள்? அவள்தானே கல் எடுத்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை காலையில், "இனிமே தொடமாட்டேன்டி" என்றான். அவன் சொன்ன சத்தியத்தையெல்லாம் அடுக்கினால் அதுவே ஒரு மதில் ஆகும், யார் நம்புவார்? சனிக்கிழமை சாயங்காலம் அப்போதைய மேஸ்திரி வந்து சுவரைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். "சத்தியமா தொடலைங்க" என்றான் அண்ணன். அவள்தான் எல்லார் முன்னாலும், "குடிகாரன் கட்டினா சுவரும் தள்ளாடத்தானே செய்யும்!" என்றாள். சிரிக்காதவர் ஒருவர் இல்லை. திங்கட்கிழமை சுவர் நேராகிவிட்டது. நாலு பேர் முன்னால் வாங்கினால்தான் புத்தி வருகிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

இன்றைக்கு ஒன்று உறுத்தியது. முதல் மூன்று நாளும் அவன் குடித்துவிட்டுத்தான் கட்டினான். மறைக்கவும் இல்லை. அது எப்படி நேராக நிற்கிறது?

இப்போதைய கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு என்று பட்டப்பெயர். சாப்பாட்டுத் தட்டைக்கூடச் சாய்வு பார்த்துத்தான் வைப்பான். அவனும் ஒரு காலத்தில் முழுகிக் கிடந்து கரையேறியவன்தான்.

"தம்பி, இங்க வா. இது குடிச்சிட்டுக் கட்டினதா, குடிக்காம கட்டினதா?"

"சோசியமா கேக்குற? ரெண்டு ரூபா வை."

"விளையாடாத. பாரு."

அவன் குனிந்து பார்த்தான். துருத்தின கல்லை உள்ளங்கையால் தடவினான். சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, நான் குடியை விட்ட வாரம் டீ கிளாஸை ரெண்டு கையாலயும் பிடிச்சேன். அப்பவும் பாதி சட்டைக்குத்தான். தினம் குடிக்கிறவனுக்கு உள்ள போனாத்தான் கை நிக்கும். போகலைன்னா இப்படித்தான்."

"அப்போ இது..."

"தொடாம கட்டினது. ரெண்டாவது, மூணாவது நாள் பாரு, எப்படி ஆடியிருக்கு. ஆறாவது நாள் பாரு, தேறியிருக்கான்." அடுத்த தடத்துக்கு நகர்ந்தவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இங்க சட்டுனு நேராயிடுச்சு. இது தேறினது இல்லக்கா."

அவள் எழுந்துகொண்டாள். "சாப்பாடு வேளை வரைக்கும் இந்த ஆறு நாளைத் தொடாத" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அண்ணி வேலை பார்க்கிற இஸ்திரிக் கடை ரெண்டு தெரு தள்ளி.

"என்னடி, தலை முழுக்கச் சுண்ணாம்பு? பேய் மாதிரி வந்து நிக்கிற."

"ஒரு சுவர் பாக்கணும் அண்ணி."

"சுவரா? நாள் பூரா அதைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்."

அண்ணி அப்படிச் சொல்லிக்கொண்டேதான் கூட வந்தாள். வந்து எல்லாம் கேட்டாள். ஒவ்வொரு தடத்திலும் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். அது பெரிய குழிக்குள் தொலைந்து போயிற்று.

"அந்த வாரம் காய்ச்சல்னு சொன்னாரு. வேர்த்துக் கொட்டுச்சு. நான்தான் ஊட்டிவிட்டேன். எங்கிட்டகூடச் சொல்லலையே, இந்த மனுஷன்." கோபமா சிரிப்பா என்று தெரியாத முகம். "சொன்னா நம்பியிருப்பேனான்னு கேட்டா, அதுவும் இல்ல." ஏழாவது நாளின் முன்னால் நின்றாள். "தேறி வந்தவரு ஏன் திரும்பப் போனாரு?"

இந்தக் கேள்விக்குத்தான் நாத்தனார் வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தாள். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

"நான்தான் அண்ணி. சனிக்கிழமை எல்லார் முன்னாலயும் கேலி பண்ணினேன். தொடலைன்னு சொன்னாரு. சிரிச்சேன்."

அண்ணி சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தூக்குக்குண்டு தூரத்தில் எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்தான்.

"அதுக்குத்தான் குடிச்சாரான்னு இதுல எங்கயும் பதிஞ்சிருக்கா?"

"இல்ல."

"இல்லைன்னும் பதியல." அண்ணி புடவையை இழுத்துச் செருகினாள். "உன்ன மன்னிக்கிறதா வேணாமான்னு வீட்டுக்குப் போய் யோசிக்கிறேன். இப்ப உளியைக் குடு. இந்த ஆறு நாளை நாமளே பிரிப்போம்."

அந்த ஆறில் ரொம்ப ஆடியிருந்த ரெண்டாவது நாளின் மேல்வரியிலிருந்து ஆரம்பித்தார்கள். அண்ணிக்கு உளி பழக்கமில்லை, அடி கோணலாக விழுந்தது. முதல் கல் கையோடு வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அன்னைக்கு என்ன பேசினாரு?"

"ஒண்ணும் பேசல அண்ணி. கல்லு கேட்டாரு. தண்ணி கேட்டாரு. தண்ணிதான் ரொம்ப கேட்டாரு. நாலஞ்சு செம்பு இருக்கும்."

"அப்புறம்?"

அவள் அடுத்த கல்லின் மேல் உளியை வைத்துக்கொண்டு யோசித்தாள்.