வடிகட்டிய வீடு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புக்கிட் மெர்தாஜாமில் பல் டாக்டரிடம் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் அடுப்பைத் துடைக்கிறாள், அவ்வளவுதான். முகம் இல்லை, பேச்சு இல்லை. இரண்டு கைகள், ஒரு துணி. வெட்கத்தை விட்டு எட்டிப் பார்த்தேன். பல்வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அதே மாதிரி வீடியோக்களாகத் தேடிப் பார்த்தேன். ஒன்றில் மழை பெய்துகொண்டிருந்தது. நடுவில் ஓரிடத்தில் மழைச் சத்தம் அறுந்து, உடனே ஒட்டிக்கொண்டது. ஜன்னலில் மழை நிற்கவே இல்லை. யாரோ அந்த இடத்திலிருந்து எதையோ எடுத்திருக்கிறார்கள். எதை எடுத்தார்கள் என்று யோசிக்கப் போய்த்தான் இந்த வம்பு வந்தது. மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம்: "ஜார்ஜ் டவுன் கண் விழிக்கும் முன்பே பிரமிளாவின் சமையலறையில்..." (அடித்துவிட்டேன். ஊர் கண் விழிப்பதைச் சுற்றுலாத் துறை எழுதிக்கொள்ளட்டும்.)

இரண்டாவது: "கணவனின் குரலைக் குப்பை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தவள் பெயர் பிரமிளா." (இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே அவளை வெறுத்துவிடுவீர்கள். எனக்கு அவளைப் பிடிக்கும்.)

மூன்றாவது, சாதுவானது:

பிரமிளா ஜார்ஜ் டவுனை ஒட்டிய ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். சமையலறையும் பின்னறையும் ஒட்டினாற்போல் இருக்கும். சமையலறையில் அவள் வீடியோ எடுப்பாள். பின்னறையில் அவள் கணவர் ராமதாஸ் படுத்திருப்பார்.

3

அவளுடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சும்மா போனை நிறுத்திவைத்து எடுத்த படங்கள் இல்லை அவை. வெட்டுப் பலகைக்கு அடியில் ஈரத் துணி விரித்தால் கத்தி தட்டுவது மெத்தென்று கேட்கும் என்று அவளே கண்டுபிடித்தாள். எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை ஜன்னலில் வைத்து, சாயங்கால வெயில் அதன் வழியாகச் சுவரில் விழுவதற்காகக் காத்திருப்பாள். பாண்டான் இலையை முடிச்சுப் போடும் விரல்களை அவ்வளவு பக்கத்தில் காட்டுவாள், நமக்கே மூக்கில் வாசம் ஏறும். 'அக்கா, டியூட்டி முடிஞ்சு வந்து உங்க வீடியோ போட்டாத்தான் தூக்கம் வருது' என்று ஜொகூரிலிருந்து ஒரு நர்ஸ் எழுதினாள். 'உங்க வீட்ல ஒரு நாள் இருந்தா போதும்லா' என்று இன்னொருத்தி எழுதினாள்.

அந்த வீட்டில்தான் ராமதாஸ் இருந்தார். லோரி ஓட்டிய மனிதர். தைப்பூசத்தில் தண்ணீர்மலை ஏறும்போது அவர் 'வேல் வேல்' என்று தொடங்கினால் படிக்கட்டே திரும்பிப் பார்க்கும். ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது பேச்சும் போனது. மிச்சம் இருந்தது அவள் பெயரின் முன்பாதி மட்டும். "ப்ர... ப்ர..." தாகம் என்றாலும் அதுதான், வலி என்றாலும் அதுதான்.

சத்தம் நீக்குகிற மென்பொருளுக்கு முதலில் ஒரு மாதிரி கொடுக்க வேண்டும். எந்தச் சத்தம் வேண்டாமோ அதைத் தனியாகக் கேட்க வைக்க வேண்டும். மற்றவர்கள் மோட்டார் சைக்கிளையோ நாய்க் குரைப்பையோ கொடுப்பார்கள். பிரமிளா அந்த 'ப்ர'வைக் கொடுத்தாள்.*

(* திட்டுவதற்கு முன் இதையும் கேளுங்கள். அவர் கூப்பிட்டபோதெல்லாம் அவள் ஓடினாள். படத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, கஞ்சி கொடுத்து, கை கழுவித் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து அடுப்பைத் துடைத்தாள். வெளியே போகிற வீடியோவில் அந்த ஓட்டம் இருக்காது, அவ்வளவுதான்.)

வீடியோ வெளியே போனதும் வடிகட்டாத மூலப் பதிவை அழித்துவிடுவாள். கம்ப்யூட்டரில் இடம் இல்லை.

4

இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். எடுக்க மனம் வரவில்லை.

அவளுடைய வீடியோ ராமதாஸையும் அமைதிப்படுத்தியது. கைவேலை இருக்கும்போது கட்டில் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து ஓடவிடுவாள். ஒருநாள் அவள் தட்டோடு வாசலில் நின்றபோது, அவர் ஒரு மழை வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடம் வந்ததும் அவர் முகம் மாறியது. அந்த இடத்தில் தான் கூப்பிட்டது அவருக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். போனில் தன் குரல் வரும் என்று காத்திருந்தார். போனில் மழை மட்டும் ஒருகணம் விட்டு வந்தது. "ப்ர" என்று அவரே மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்றவளைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரமிளா தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, அதனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கேமரா ஓடும்போது அவர் கூப்பிடுவது குறைந்தது. (முதலில் 'நின்றது' என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் எனக்கே தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொன்னதாகிவிடும்.)

5

அன்றைக்கு மழை. மழைக்குப் பீசாங் கோரெங் பொரிக்கிற வீடியோ எடுக்கலாம் என்று வாழைப்பழம் நறுக்கி வைத்தாள். அவர் கூப்பிடுவது குறைந்த பிறகு, சத்தம் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டே எடுக்கத் தொடங்கியிருந்தாள். ஹெட்ஃபோனுக்கு வருவது வடிகட்டிய சத்தம். பதிவாவது வடிகட்டாதது. அவள் காதில் அன்று எண்ணெயும் மழையும் மட்டும் கேட்டன. படம் நன்றாக வந்தது என்று சந்தோஷப்பட்டாள்.

பொரித்ததைத் தட்டில் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அவர் கட்டிலிலிருந்து பாதி சரிந்து, ஒரு கை தரையில் ஊன்றியபடி

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. உங்களுக்குப் புரிந்துவிட்டது.)

இன்னொரு ஸ்ட்ரோக் என்றார் டாக்டர். ராமதாஸால் கூப்பிட முடிந்திருக்குமா என்று யாரும் டாக்டரைக் கேட்கவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் ஓடிவந்த ராமதாஸின் தங்கை சந்திரிகாதான், பிரமிளாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை.

"அண்ணன் கூப்பிடலையா அண்ணி?"

"இல்ல" என்றாள் பிரமிளா.

தெரியாமலே சொன்னாள். சொன்ன பிறகு அது உண்மையாக இருக்க வேண்டுமே என்ற பயம் பிடித்துக்கொண்டது. அன்றைய பதிவை அவள் திறக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. சேனலில் ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: 'அக்கா எங்க? மனசு சரியில்ல, வீடியோ போடுங்கக்கா.'

6

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, சந்திரிகா சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, அண்ணன் கொரல் எங்கயாச்சும் இருக்கா? என் பழைய போன் தொலஞ்சு போச்சு. அவரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புற ஆளும் இல்ல, நேரா போன் போட்டுக் கத்துவாரு. உங்க வீடியோ எல்லாத்தையும் பாத்தேன். ஒண்ணுலகூட இல்ல. இந்த வீட்லதானே இருந்தாரு?"

பிரமிளா துணியை எடுத்து அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள்.

"ப்ர-ன்னு கூப்புடுவாரே, அது கெடச்சாக்கூடப் போதும்லா."

இனி நான் என்ன செய்வது? மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) 'இல்ல, அழிச்சிட்டேன்' என்கிறாள் பிரமிளா. சந்திரிகா அழுதுவிட்டு ஃபெரி ஏறுகிறாள். பதிவு அழிகிறது. சுத்தமான முடிவு. பலகைக்கு அடியில் ஈரத் துணி விரிப்பதுபோல் நான் உங்களுக்கு விரிப்பது. வேண்டாம்.

(ஆ) பதிவில் அவர் குரல் இருக்கிறது. பல தடவை இருக்கிறது. தங்கைக்குக் கேட்டது கிடைக்கிறது. அவள் முன்னாலேயே, தன் 'இல்ல' பொய் என்று பிரமிளாவுக்குத் தெரிகிறது.

(இ) பதிவில் எண்ணெயும் மழையும் மட்டும் இருக்கின்றன. கடைசி மூச்சுவரை அவர் கூப்பிடவே இல்லை. வீடியோ கெட்டுவிடும் என்று கூப்பிடவில்லை. (ஆ)வைவிட இது லேசாக இருக்கும் என்று நினைத்துத்தான் எழுதினேன். எழுதிய பக்கத்தை என்னால் மறுபடி படிக்க முடியவில்லை.

7

ஆனால் சந்திரிகா அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. நான் எப்படி எழுதினாலும் எழவில்லை. பிரமிளாவுக்கும் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணு இருக்கு. அன்னிக்கு எடுத்தது. நான் இன்னும் கேக்கல."

சொல்லிவிட்டு ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கினாள். சத்தம் அறை முழுக்கக் கேட்கட்டும். வடிகட்டியையும் நிறுத்தினாள். ஓடவிட்டாள்.

முதலில் மழை. பிறகு ஒரு குரல். அவளுடைய குரல்.

"இந்தாங்க, மழ பேயுது. கொஞ்ச நேரம் கூப்பிடாம இருங்க, என்ன? முடிச்சிட்டு வந்துடறேன்."

மழை நாளில் அவர் கூப்பிட்டால் வடிகட்டி அந்த 'ப்ர'வோடு மழையையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. அதனால் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் அவள் தொடங்குவாள். மின்விசிறியைப் போடுவதுபோல் யோசிக்காமல் சொல்வது, ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக வெட்டி எறிவது. சொன்னதே அவளுக்கு ஞாபகம் இல்லை. இத்தனை பக்கம் கூடவே வந்த எனக்கும் தெரியாது.

பின்னறையிலிருந்து பதில் வந்தது.

"ம்."

சந்திரிகா வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன்தான். குழந்தை தலையாட்டுகிற மாதிரி, அவ்வளவு சம்மதமான ஒரு 'ம்'. பிரமிளா நிறுத்தப் போனாள். சந்திரிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆதரவாகப் பிடித்தாளா, தடுக்கப் பிடித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஓடட்டும் அண்ணி."

எண்ணெய் காய்கிறது. மழை பெய்கிறது. பதிவு இன்னும் நிறைய இருக்கிறது. எனக்குத் தைரியம் இல்லை, நான் எழுந்துகொள்கிறேன். இந்த இரண்டு பேரையும் தனியாக விட்டுப் போகவும் மனசில்லை. அவர்கள் பக்கத்தில் என் நாற்காலி காலியாகிறது. கடைசிவரை கேட்கிறவர்கள் வந்து உட்காருங்கள்.